மாலைக்கு விட்ட இடம்

பெங்களூரு ஈஜிபுராவில் யார் செத்தாலும் முதலில் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அடுத்தபடியாகக் குணசேகருக்குத் தெரியும். சொந்தபந்தமெல்லாம் அதற்கப்புறம்தான். உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் யாராவது ஒருவர் மூச்சு வாங்க அவன் வேலை பார்க்கும் கிருஷ்ணப்பாவின் பிளெக்ஸ் கடைக்கு ஓடி வந்து, போனை நீட்டி, "அண்ணா, இந்தப் படம்தான் இருக்குது, பாத்துப் பண்ணிடு" என்பார். பார்த்தால் ஏதோ ஒரு கல்யாணத்தில் பதினாலு பேர் நெருக்கியடித்து நிற்கும் படம். போனவர் பின்வரிசையில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அவர் தோளில் மச்சானின் கை கிடக்கும். அதுவும் இல்லையென்றால் ஆதார் அட்டை. ஆதார் அட்டையில் யார்தான் ஆள் மாதிரி இருக்கிறார்கள்?

குணசேகர் அந்த மச்சானின் கையை வெட்டி எடுப்பான். மூடிய கண்ணைத் திறப்பான். பனியனோடு நிற்பவருக்கு வெள்ளைச் சட்டை மாட்டுவான். வீங்கிய முகமாக இருந்தால் நன்றாக இருக்கிற பாதியைத் திருப்பி மறுபாதியில் ஒட்டிச் சரிசெய்வான். தலைக்கு மேலே மாலைக்கு இடம் விட்டு, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதியைப் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்தில் எழுதி, நாற்பது நிமிடத்தில் முடித்துக் கொடுப்பான். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. பிறந்தநாள், சீமந்தம், வட்டச் செயலாளருக்கு வாழ்த்து என்று மற்றதும் வரும்தான். ஆனால் அவையெல்லாம் நாளைக்கு வா என்றால் கேட்டுக்கொள்ளும். சாவு கேட்டுக்கொள்ளாது. நாற்பத்து நான்கு வயதில் அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்ப மறுத்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் இடது கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுவான்.

போன வருடம் கோலார் தங்கவயலில் அவன் அப்பா இறந்தபோது அந்த பிளெக்ஸையும் அவனேதான் செய்தான். சுரங்கத்தில் முப்பது வருடம் இறங்கி ஏறிய மனுஷனுக்கு வீட்டில் ஒரு தனிப் படம் கிடையாது. ஆதார் முகத்தை எடுத்து, காலர் வைத்த நீலச் சட்டையில் பொருத்தி, மாரிக்குப்பத்தில் வீட்டு வாசலில் கட்டினான். சித்தப்பா சுப்பராயன் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "உங்கப்பன் இந்த மாதிரி சட்டைய எப்படா போட்டான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். குணசேகருக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. அதற்குப் பிறகு எந்தப் படத்தில் சட்டை மாட்டினாலும் சித்தப்பா பின்னால் நிற்பதுபோல் இருந்தது.

இப்படிப்பட்டவனிடம்தான் தமயந்தி அக்கா வந்து சேர்ந்தாள். அவன் குடியிருக்கும் கட்டடத்திலேயே கீழ் வீட்டுக்காரி, அவளும் தங்கவயல்காரி. வைட்ஃபீல்டில் ஒரு பெரிய ஆபீஸில் பதினான்கு வருடமாக ஹவுஸ்கீப்பிங் வேலை. விடிவதற்கு முன் வேன் ஏறிவிடுவாள். தரை துடைக்கிற நேரமெல்லாம் இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வாள். அது இருந்தால் பசி தெரியாது, தூக்கம் வராது என்பாள். அந்தக் கன்னத்தில்தான் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்து, கட்டியாகி, பெரியாஸ்பத்திரி வரைக்கும் போனது. வரும் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இடது பக்கத் தாடை எலும்பையும் கன்னத்தையும் சேர்த்து எடுத்துவிட்டு, தொடையிலிருந்து சதை எடுத்து ஒட்டப்போகிறார்கள்.

புதன்கிழமை காலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவள் குணசேகரை மடக்கினாள்.

"குணா, எனக்கு ஒரு போட்டோ புடிச்சுக் குடு."

"போட்டோவா? இன்னாத்துக்குக்கா?"

"உசுரு பொழைச்சிடும்னு டாக்டரம்மா அடிச்சுச் சொல்லிடுச்சு. மூஞ்சிதான் பொழைக்காதாம். திங்கக்கெழம சாயங்காலம் போய்ச் சேந்துக்கணும். அதுக்குள்ள ஒண்ணு புடிச்சு வெச்சிக்கணும்."

வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியாததால் அவள் பேச்சு பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. குணசேகர் குடத்தைக் கீழே வைத்தான்.

"நல்ல ஸ்டூடியோவா பாத்துப் போலாமேக்கா. நான் போட்டோ புடிக்கிறவன் இல்ல. வெட்டி ஒட்டுறவன்."

"போனேன். சரிப்படல. எத்தினி மூஞ்சி பாத்திருக்கே நீ. உனக்குத் தெரியாதா? முடியும், முடியாது, ஒண்ணு சொல்லு. வேனு வந்துடும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அவன் பார்த்த முகமெல்லாம் மூச்சு நின்ற முகங்கள். அவற்றை இப்படித் திரும்பு, அப்படிப் பார் என்று ஒருநாளும் சொல்லவேண்டி வந்ததில்லை. உயிருள்ள ஆளை எதிரில் உட்காரவைத்து அவன் ஒரு படம்கூட எடுத்ததில்லை. ஆனால் தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பதிலுக்குக் காத்து நின்றாள். "ஞாயித்துக்கெழம வாங்க" என்று அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்னபிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று யோசித்தான். ஒன்றுமில்லை. கடையில் கிருஷ்ணப்பா பாஸ்போர்ட் படம் எடுக்கிற பழைய கேமரா ஒன்று உண்டு. அதன் பிளாஷ் போய் ஆறு மாதம் ஆகிறது. லென்ஸின் வளையம் ஒரே இடத்தில் இறுகிவிட்டதால் கிட்டே கொண்டுவரவோ தூரம் தள்ளவோ முடியாது. நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். கேட்டதும் கிருஷ்ணப்பா, "தகொண்டு ஹோகு, எடுத்துட்டுப் போ" என்று மேஜைமேல் தள்ளினார். "பேட்டரி வீக்கு. இருபது கிளிக்கு, அஷ்டே, அவ்ளோதான். அப்புறம் சார்ஜ் ஏற ராத்திரி பூரா ஆகும்."

விளக்குக்கு எங்கே போவது? வீட்டில் இருப்பது ஒரு டியூப்லைட். அதன் கீழே நின்றால் குழந்தைகூட நோயாளி மாதிரி தெரியும். ஜன்னல் ஒன்று இருக்கிறது. ஆனால் ஈஜிபுராவில் ஜன்னலைத் திறந்தால் கை நீட்டி எதிர்வீட்டில் உப்பு கேட்கலாம், அவ்வளவு இடைவெளி. இரண்டாவது மாடியாக இருந்தும் வெயில் நேராக உள்ளே வந்ததில்லை. இதையெல்லாம் புலம்பிக்கொண்டே அவன் சாப்பிட்டபோது, மனைவி விஜி புடவை ஓரத்துக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தபடியே அவள் செய்கிற வேலை அது. தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"பதினோரு மணிக்கு வெளிச்சம் வரும்."

"எங்கருந்து?"

"எதிர்வீட்டு செவுத்துக்கு தீபாவளிக்கு வெள்ள அடிச்சாங்க இல்ல? அது மேல வெயிலு பட்டு இங்க அடிக்கும். பன்னெண்டுக்கு கால் மணி இருக்கிற வரைக்கும் லைட்டு போடாமலே ஊசி கோப்பேன். அப்புறம் போயிடும்."

எட்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறான், அவனுக்கு இது தெரியாது. ஒன்பது மணிக்குக் கடைக்குப் போகிறவனுக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு வந்து பார்த்தான். விஜி சொன்னது சொன்னபடி, பதினோரு மணிக்கு ஜன்னல் வழியாக ஒரு வெள்ளை வெளிச்சம் சத்தமில்லாமல் இறங்கி அறையின் பாதி வரைக்கும் வந்து நின்றது. பேட்டரியைச் செலவழிக்கப் பயந்து போனிலேயே சோதித்தான். விஜியை ஸ்டூலில் உட்காரவைத்தான். சமையலறைப் பக்கத்துக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்து நீலப் போர்வையைக் கட்டினான். கடையில் எழுத்து வெட்டியதுபோக மிஞ்சிய தெர்மாகோல் அட்டையை ஒரு பக்கெட்டில் சாய்த்து நிறுத்தினான், வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பட்டும் என்று. போன் திரையில் விஜியின் முகத்தைப் பார்த்தவன் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினான். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்துக் குழிந்திருந்தது.

"இவ்ளோ எளைச்சிட்டியா நீ?"

"இப்பதான் பாக்குறீங்களா?" என்றாள் விஜி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவன் திட்டம் இதுதான். ஜன்னல் அக்காவின் வலது பக்கம் இருக்கும். வலது கன்னம் வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கும், கட்டியிருக்கிற இடது பக்கம் இருட்டில் போய்விடும். இருட்டிலும் வீக்கம் தெரிந்தால் திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் வலது கன்னத்தைத் திருப்பி ஒட்டிவிட வேண்டியது. எத்தனை பேருக்குச் செய்திருக்கிறான். அக்காவிடம் வெளிர் நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினான். யோசிக்க யோசிக்க அவனுக்கே தன் சாமர்த்தியம் பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு தமயந்தி அக்கா வந்தாள். வெளிர் நிறமாவது ஒன்றாவது? கிளிப்பச்சைப் புடவை, தலை கொள்ளாத கனகாம்பரம். இரண்டு மாடி ஏறியதில் இரைத்தது. விஜி கொடுத்த மோரை வலது பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துக் குடித்தாள். முதல் நாள் ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை என்றாள். குணசேகரும் தூங்கவில்லை. சனிக்கிழமை மட்டும் மூன்று சாவு.

வெளிச்சம் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேமராவைத் தூக்கியதும் அதுவரை பேசிக்கொண்டிருந்த அக்கா மறைந்து, அவள் இடத்தில் ஆதார் அட்டை உட்கார்ந்தது. கழுத்து விறைத்தது, கண் உருண்டது, உதடு ஒட்டிக்கொண்டது.

"சும்மா இருங்கக்கா."

"சும்மாதான கீறேன்."

ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒவ்வொரு கிளிக்கும் அவன் நெஞ்சில் விழுந்தது. கண்ணை இங்கே பாருங்கள், தாடையைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று சொன்னால் மொத்த உடம்பும் சேர்ந்து இறங்கியது. பதினோராவது கிளிக்குக்குப் பிறகு அக்கா கையை நீட்டினாள். "காட்டு பாப்போம்."

கேமராவின் பின்புறத் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"என் கன்னம் எங்க?"

"இதோ இருக்குதேக்கா, நல்லா வந்திருக்குது."

"இது இல்ல. அது."

குணசேகர் விளக்கினான். அந்தப் பக்கம் இருட்டில் விட்டால் கட்டி தெரியாது, மிச்சத்தைக் கடையில் சரிபண்ணிக்கொள்ளலாம், வலது பக்கத்தையே திருப்பி அந்தப் பக்கம் போட்டுவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது என்றான். சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்தும் நிறுத்தத் தெரியவில்லை.

"அந்த ஸ்டூடியோக்காரப் பையனும் இதத்தான் சொன்னான்" என்றாள். "இந்தக் கன்னத்த ரெண்டா பண்ணித் தரேன்னான். அதான் எழுந்து வந்துட்டேன். இந்தக் கன்னம் எனக்கு எதுக்குடா போட்டோவுல? இது எங்கயும் போவல. காலையில கண்ணாடியில பாத்தா இருக்கும். போறது அதுதான? அத எடு."

இடது கன்னத்தைத் தொட்டாள். "இங்க ஒரு குழி உண்டு. சிரிச்சா விழும். அந்தப் பக்கம் கெடையாது, இங்க மட்டும்தான். எங்கப்பா ஷிப்டு முடிஞ்சு வந்தா மொதல்ல இதுல ஒரு விரல வெச்சு அமுக்கிட்டுத்தான் குளிக்கவே போவாரு. செவ்வாக்கெழமைக்கு மேல அப்படி ஒண்ணு இருந்துச்சின்னு நானே சொன்னாலும் யாரு நம்புவா?"

குணசேகருக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீலச் சட்டையும் சித்தப்பாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். மூன்று நாள் பாடுபட்டு, இவள் எதைக் கேட்டாளோ அதை மட்டும் பார்த்து இருட்டில் தள்ளியிருக்கிறான். மணி பதினொன்று இருபத்தெட்டு. இருப்பது பதினேழு நிமிடம், ஒன்பது கிளிக்.

இடது கன்னத்தில் வெளிச்சம் விழ வேண்டுமென்றால் அக்கா எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார வேண்டும். அவன் நின்ற இடத்துக்கு அவள், போர்வை இருக்கிற இடத்துக்கு அவன். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் என்ன வரும்? சமையலறை வாசலும், பாத்திர அலமாரியும், சிலிண்டரும். அங்கே ஆணி அடிக்கச் சுவர் ஏது? போர்வையைப் பிய்த்து எடுத்து அதைக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் திருதிருவென்று நின்றான்.

"குடுங்க இப்படி" என்று விஜி அதைப் பிடுங்கினாள். அக்காவுக்குப் பின்னால் ஒரு மணையைப் போட்டு ஏறி நின்று, போர்வையின் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். போர்வைக்குப் பின்னால் அவள் மறைந்துபோனாள். விளிம்பில் விரல்கள் மட்டும் தெரிந்தன.

தெர்மாகோலை இந்தப் பக்கம் மாற்றி நிறுத்தி, மண்டியிட்டுக் கேமராவில் கண்ணை வைத்தான். இடது கன்னத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது. கட்டி தெரிந்தது. தோல் இழுபட்டு மினுங்கியது. ஆனால் முகம் என்னவோ ஆதார் அட்டையாகத்தான் இருந்தது. சிரிங்கக்கா என்றான். உதட்டை இழுத்தாள், வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. குழி விழவில்லை. மறுபடி எடுத்தான், மறுபடி. பன்னிரண்டு, பதினான்கு, பதினெட்டு. போர்வை மெல்ல இறங்க ஆரம்பித்தது. விஜிக்குக் கை கடுத்திருக்கும். அவனுக்குக் கழுத்து கழன்றுவிடும்போல் இருந்தது. தூக்கமில்லாத கண்ணில் எல்லாம் மங்கியது. பதினாறு வருடத்துப் பழக்கம் அவன் வாய்க்கு வந்து நின்றது.

"இன்னும் மேல தூக்கு விஜி. தலைக்கு மேல எடம் வேணும், மாலை வரும்."

சொன்னது காதில் விழுந்தபோதுதான் என்ன சொன்னான் என்று தெரிந்தது. போர்வைக்குப் பின்னாலிருந்து, "ஐயோ" என்று விஜியின் குரல் சின்னதாக வந்தது. பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது குணசேகருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கப்போகிறவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது?

தமயந்தி அக்காவின் தோள் குலுங்கியது.

"அடப் பாவி! டாக்டரம்மா பொழைச்சிடுவேன்னுச்சு, இவன் எனக்கு மாலையே போட்டுட்டான்டி விஜி! கீழ தேதி போட்டுட்டியா, இல்ல அதையும் என்னையே கேப்பியா?"

சிரித்தாள். வாய் திறக்க வழியில்லாமல் சிரிப்பு மூக்கிலும் கண்ணிலும் வழிந்தது. வலியில் ஒரு கை தாடையைத் தாங்கப் போய், பாதியிலேயே நின்றது. கட்டிக்குக் கொஞ்சம் மேலே, இழுபட்ட தோலில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி விழுந்தது. குணசேகர் அழுத்தினான். இன்னொரு முறை அழுத்தினான். மூன்றாவது முறை அழுத்தும்போது கேமரா செத்துப்போயிருந்தது. ஜன்னலில் வெளிச்சமும் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் கடை கம்ப்யூட்டரில் அந்த இரண்டு படங்களையும் திறந்தான். ஒன்று ஆடியிருந்தது. மற்றது நன்றாக இருந்தது. வழக்கப்படி அவன் கை முதலில் தலைக்கு மேலே இருந்த வெற்றிடத்துக்குப் போனது. மாலை வருகிற இடத்தில், நீலப் போர்வையின் விளிம்பில், விஜியின் எட்டு விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றில் ஊசி குத்தாமல் இருக்கச் சுற்றிய பிளாஸ்திரிகூடத் தெரிந்தது. எத்தனையோ பேர் கைகளை வெட்டி எறிந்தவன், இதை வெட்டாமல் விட்டான். கன்னத்தையும் தொடவில்லை. அப்படியே பிரிண்ட் கொடுத்தான்.

டீ கிளாஸோடு வந்த கிருஷ்ணப்பா படத்தை எட்டிப் பார்த்தார். இந்தக் கடையில் இவ்வளவு பெரிதாக ஒரு முகம் வந்தால் அவருக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்.

"யாரப்பா ஹோதரு?" போனது யார் என்று கேட்டார்.

"யாரும் போகல சார்" என்றான் குணசேகர். "இருக்காங்க."

அன்று சாயங்காலம் அக்காவை அழைத்துப்போக ஓசூரிலிருந்து அவள் மகன் சித்தார்த் வந்திருந்தான். வாசலில் ஆட்டோ நின்றது. பையை அவன் உள்ளே வைத்துக்கொண்டிருக்கும்போது குணசேகரும் விஜியும் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அக்கா அதைக் கையில் வாங்கி, படத்திலிருந்த வலது கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். மிச்சப் பாதியை மட்டும் பார்த்தாள். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அப்புறம் ஒரு விரலை அந்தக் குழியில் வைத்து மெல்ல அழுத்தினாள்.

"சரி" என்றாள். "நாளைக்கு எடுத்துக்கட்டும்."

படத்தை விஜியிடம் திருப்பிக் கொடுத்து, "ஆஸ்பத்திரியில மருந்து கிருந்து பட்டுடும், நீ வெச்சிரு. வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.